அவரைக்கு அமையும் அண்டை

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் அமைந்துள்ள வெள்ளகோவில் வட்டாரத்தில், வடகிழக்குப் பருவமழையை நம்பியுள்ள மேட்டுக்காடுகளில் சோளத்தோடு தட்டைப்பயற்றையும் மொச்சையையும் கலந்து விதைப்பதும், வரப்போரத்துக் கொட்டமுத்துச் செடியில், அதாவது ஆமணக்கில், அவரைக் கொடியை ஏற்றிவிடுவதும் நெடுநாள் வழக்கங்களாகும். ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும் என்ற இக்கலப்புப் பயிர் முறையின் சிறுவடிவமே வீட்டுத் தோட்டத்தில் துணைப் பயிர் எனப்படுகிறது. இன்ன செடிக்கு இன்ன செடி ஆகும், ஆகாது என்ற பட்டியல்களைவிட, ஒவ்வொரு செடியும் அண்டைக்கு எதைத் தருகிறது, எதை எடுத்துக்கொள்கிறது என்ற கணக்கே இதில் முதன்மையானது.

முதற்கொடை தாங்குதல். அமெரிக்கப் பழங்குடியினர் மக்காச்சோளத் தட்டையில் பீன்ஸைப் படரவிட்டு, நிலத்தைப் பூசணி இலைகளால் மூடிக் காத்தனர். குளிர்ச்சி வேண்டும் பீன்ஸ் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஏற்றது. கொங்குச் சமவெளியின் வெப்பத்தைத் தாங்கி வளர்பவை அவரையும் தட்டைப்பயறுமே. முருங்கைக்குப் பெயர்பெற்ற வெள்ளகோவில் வட்டாரத்தில், சிறிய இலைகளின் இடையே வெயிலைக் கசியவிடும் முருங்கை மரமே அவரைக்கு உயிர்ப்பந்தலாக அமையும். பகற்பொழுது குறுகும்போதே பூக்கும் இயல்பினதாகிய கொடி அவரை, ஆடிப்பட்டத்தில் விதைத்தால் மழைக்காலத்தில் தழைத்து, பனிக்காலத்தில் காய்த்து, தைப்பொங்கல் குழம்புக்கு வந்து சேர்கிறது.

இரண்டாவது கொடை தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். பூப்பருவத்துத் தட்டைப்பயற்றுச் செடியை மண்ணோடு பெயர்த்து நீரில் அலசினால், வேர்களில் கடுகளவும் அதனினும் பெரியவுமான உருண்டைகள் தெரியும். அவற்றுள் ஒன்றை நகத்தால் கீறினால் உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்கும். வேர்முடிச்சு எனப்படும் இவ்வுருண்டைக்குள் வாழும் ரைசோபியம் வகை நுண்ணுயிரிகள், காற்றில் 78 விழுக்காடாக உள்ள நைட்ரஜனைச் செடிக்கு உதவும் உருவில் மாற்றுகின்றன. அவ்வேலைக்குப் பகையான உயிர்வளியை அடக்கிவைக்கும் லெக்ஹீமோகுளோபின் என்ற புரதமே, குருதியின் ஹீமோகுளோபினுக்கு உறவாதலால், அச்சிவப்பைத் தருகிறது. பயறு வகைகள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பெறுவதை 1886-இல் ஜெர்மனியின் ஹெல்ரீகல், வில்ஃபார்த் ஆகியோர் உலகுக்கு அறிவித்தனர். ஆயினும் செடி சேர்க்கும் இச்சத்தின் பெரும்பங்கு அதன் விதைக்கே செல்வதால், உயிரோடிருக்கும்போது அண்டைச் செடிக்குக் கிடைப்பது மிகச் சிறிதே. காய்ப்பு ஓய்ந்தபின் செடியைப் பிடுங்காமல் அடியோடு அறுத்து, வேரை மண்ணிலும் தழையைப் பாத்தியின்மேலும் மட்கவிட்டால், அவற்றில் எஞ்சிய சத்து அடுத்த பயிருக்குச் சேரும்.

மூன்றாவது கொடை பூச்சிக் காவல். தட்டைப்பயற்றில் அடையும் கறுப்பு அசுவினியைத் தேடிவரும் பொறிவண்டுகள், அருகிலுள்ள வெண்டையின் அசுவினியையும் தின்னும். எனவே வெண்டைப் பாத்தியின் ஓரத்தில் தட்டைப்பயற்றை விதைப்பது நன்று. அதே கறுப்பு அசுவினி அவரையையும் தாக்குவதால், அவரையின் காலடியில் தட்டைப்பயற்றை விதைப்பது தகாது. ஆமணக்கோ, புரோடீனியா எனப்படும் அந்துப்பூச்சியைத் தன் அகன்ற இலைகளுக்கு ஈர்த்து முட்டையிட வைக்கும் பொறிப்பயிராகும். முட்டைக் குவியல் உள்ள இலையைக் கிள்ளி அழித்தால், புழுக்கள் மற்ற செடிகளுக்குப் பரவுவதற்கு முன்பே ஒழியும்.

ஆகவே முருங்கையின் அடியில் அவரையும், வெண்டையின் ஓரத்தில் தட்டைப்பயறும், வேலியோரத்தில் ஆமணக்கும் அமைந்த சிறு தோட்டம், நீர் அரிதான மண்ணில் உழவர்கள் தலைமுறைகளாகக் காத்துவந்த அறிவை வீட்டு வாசலில் தொடரச் செய்கிறது. மேட்டுக்காடுகள் மனைகளாகிவரும் காலத்தில் அவ்வறிவு அற்றுப்போகாமல் காக்க, ஒரு கைப்பிடி அவரை விதையும் ஓர் ஆடி மழையும் போதும்.