முழங்கை போனாலும் முதுகு இருக்கிறது

பழைய பருத்திச் சட்டை ஒன்றை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். காலர் மடிப்பிலும் முழங்கையிலும் அக்குளிலும் துணி நைந்து வெளிச்சம் உள்ளே வரும். முதுகுப் பக்கம் கெட்டியாகவே இருக்கும். பாக்கெட்டைப் பிரித்தால் அதற்கு அடியில் வாங்கிய அன்றைய நிறம் தெரியும். நாலு இடம் நைந்துபோனதற்காக மொத்தச் சட்டையையும் ஒதுக்கிவிடுகிறோம். மிச்சமிருப்பது நல்ல துணி. பல தடவை துவைத்துப் பதப்பட்ட, இனிமேல் சுருங்காத துணி.

திண்டிவனத்தில் பல வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட், சுடிதார் தைப்பதுதான் பிழைப்பு. அதோடு, ஜனங்கள் வேண்டாமென்று ஒதுக்கும் உடுப்புகளைப் பிரித்துத் துணியாக்கி, ஒட்டுப் போர்வை, குழந்தை விரிப்பு, தலையணை உறை, கடைக்குப் போகும் பை என்று தைத்துக் கொடுக்கிறேன். என் மனசு இருப்பது இந்த வேலையில்தான்.

நம் வீடுகளுக்கு இது புதுசு இல்லை. பாட்டி கட்டிப் பழகிய நூல் சேலை பேரனுக்குத் தூளியானது. தாத்தாவின் வேட்டி கிழித்துக் குழந்தைக்கு இடுப்புத்துணியானது, அப்புறம் அடுப்படியில் கரித்துணியானது. பாலியஸ்டர் வந்ததும் இந்த வழக்கம் அறுந்தது. அது வியர்வையை உறிஞ்சாது, சூட்டில் உருகும். தெருவில் பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவர்களும் புரட்டிப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். நெடுஞ்சாலை ஓரத்து லாரி பட்டறையில் கை துடைக்கக்கூடப் பருத்தித் துணிதான் கேட்கிறார்கள். யாருக்கும் ஆகாதது குப்பைமேட்டுக்குப் போய்த் தீயில் கருகுகிறது.

‘ஏழைக்குக் கொடுத்துவிடலாமே’ என்பார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கரையோரத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். எங்கெங்கிருந்தோ லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. கிழிசலும் கறையுமாக, அந்த ஊர்ப் பெண்கள் உடுத்தவே உடுத்தாத உடுப்புகளாக இருந்தன. எல்லாம் பறிகொடுத்து நின்ற மீனவர்கள் அவற்றைத் தொடவில்லை. துணி சாலையோரம் குவிந்து மழையில் நனைந்தது. அவர்கள் தொடாததில் எனக்கு முழு நியாயம் தெரிகிறது. நாம் கட்டத் தயங்குவதை இன்னொருத்தர் மேல் போடுவதற்குத் தானம் என்று பேர் வைக்கக்கூடாது. அப்படித் தேங்கிய துணியைப் பிரித்தெடுத்து உபயோகப்படுத்தும் வேலையை அப்போது கையில் எடுத்தவர்களில் ‘கூஞ்ச்’ அமைப்பும் உண்டு. 1999-இல் டெல்லியில் அன்ஷு குப்தா தொடங்கியது அது. உடுத்த முடியாத பருத்தித் துணியை அவர்கள் மாதவிடாய்த் துணியாகவும் ‘சுஜ்னி’ என்ற அடுக்கு விரிப்பாகவும் தைக்கிறார்கள். அன்ஷு குப்தாவுக்கு 2015-இல் மகசேசே விருது கிடைத்தது.

அதே சுனாமியிலிருந்து நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே ஒரு நல்ல காரியமும் பிறந்தது. வானூர் தாலுகாவில் இருக்கிற ஆரோவில்லில், உமா பிரஜாபதி 1997-இல் ஆரம்பித்த ‘உபாசனா’ என்ற ஆடை நிறுவனம் உண்டு. கடலைப் பார்க்கவே அஞ்சிய மீனவப் பெண்களுக்கு மனசு ஆறவும் கையில் வருமானம் வரவும், 2005-இல் அங்கே மிச்சம் விழுந்த துண்டுத்துணியில் விரல் நீளப் பொம்மை செய்யச் சொல்லிக் கொடுத்தார்கள். அதுதான் ‘சுனாமிகா’. அந்தப் பொம்மையை விலைக்கு விற்பதில்லை, அன்பளிப்பாகத்தான் கொடுப்பார்கள். செய்தவர்களுக்கு நன்கொடையிலிருந்து கூலி போகும். லட்சக்கணக்கில் உலகம் முழுக்கப் போயிருக்கிறது. வெட்டும் மேஜையிலிருந்து கூட்டித் தள்ளுகிற துண்டுக்கு அவ்வளவு தூரம் போகிற தெம்பு இருக்கிறதென்றால், முழுச் சட்டையைத் தூக்கிப்போட நமக்கு எப்படி மனசு வரும்?

இனி வேலைக்கு வருகிறேன். முதலில் துணி எது என்று தெரிய வேண்டும். ஓரத்திலிருந்து நாலு இழை உருவித் தீயில் காட்டுங்கள். பருத்தியானால் காகிதம் எரிகிற வாடை வரும், சாம்பல் தொட்டால் உதிரும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டி மணியாக நிற்கும். சூடான பாத்திரம் பிடிக்கும் துணியில் பாலியஸ்டர் ஒரு துண்டுகூடச் சேரக்கூடாது. சாயத்தையும் பார்க்க வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் தெரிந்துவிடும். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் சாயம் நின்றுவிடும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். நிற்காது. சாயம் விடுகிற துணியை வெளிர் நிறத்தோடு சேர்க்காமல் இருப்பதே வழி.

பிறகு சுடுதண்ணீரில் துவைத்துக் காயவைத்து, தையலை ஒட்டியே கத்தரியால் வெட்டி எடுத்துவிடுவேன். ஓவர்லாக் அடித்த தையலைப் பிளேடு வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும், கிடைப்பது அரை அங்குலம். காலர், கைப்பட்டி, காஜா எடுத்த பட்டை மூன்றையும் ஒதுக்கி, பொத்தானைக் கழற்றி டப்பாவில் போடுவேன். பெரியவர் முழுக்கைச் சட்டையில் ஒரு முதுகு, இரண்டு முன்பக்கம், இரண்டு கை. தேய்ந்த இடத்தைத் தள்ளினாலும் ஆறு அங்குலச் சதுரமாக இருபது துண்டாவது தேறும். பழந்துணி தளர்வாக இருக்கும், வெட்டும்போது நழுவும். லேசாகக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்துவிட்டால் புதுத்துணி போல அடங்கி நிற்கும்.

வெட்டுவது நேர் இழையில் இருக்க வேண்டும். குறுக்காக வெட்டினால் இழுபட்டு, தைத்து முடிப்பதற்குள் சதுரம் கோணலாகிவிடும். இதைவிட முக்கியம் கனம் பார்த்துச் சேர்ப்பது. ஜீன்ஸையும் வாயில் சேலையையும் பக்கத்தில் பக்கத்தில் தைத்தால், இரண்டாவது துவைப்பிலேயே தையல் ஓரமாகச் சேலைத்துணி கிழியும். கனமான துணி மெல்லியதை இழுத்துக் கொன்றுவிடும். பனியன் துணியும் லெக்கிங்ஸும் இழுபடும் ரகம். அவற்றைப் பட்டையாகக் கிழித்துப் பின்னிக் கால்மிதியாக்குவதே மரியாதை. நூலும் பருத்தி நூலாக இருக்கட்டும். விழுப்புரம் பாகர்ஷா வீதிப் பக்கம் போகும்போதெல்லாம் அதைத்தான் தேடி வாங்குகிறேன். பாலியஸ்டர் நூல் பழந்துணியை விடப் பலமானது, இழுபட்டால் நூல் நிற்கும், துணிதான் கிழியும்.

நம் ஊர் வெயிலுக்குப் பஞ்சு அடைத்த போர்வை எதற்கு? ஐந்தரை மீட்டர் நூல் சேலையை நடுவில் மடித்தால் ஒன்பது அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம். மேலே ஒட்டுத்துணி, அடியில் அந்த இரண்டு மடிப்பு, மூன்றையும் சேர்த்துக் கையால் ஓட்டுத் தையல். மார்கழிப் பனிக்கு அது போதும்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. தென்பெண்ணை பெருகி அரசூர்ப் பக்கம் திருச்சி நெடுஞ்சாலையே முங்கிப்போனது. வெள்ளம் வடிந்து சில வாரம் கழித்து, மயிலம் பக்கத்திலிருந்து ஒரு பெண் சாக்கு மூட்டையோடு கடைக்கு வந்தாள்.

“அக்கா, எங்கம்மா கட்டின சேலைங்க. டிரங்குப் பெட்டியோட தண்ணியில நின்னுடுச்சு. எவ்ளோ துவைச்சும் கறை போவல. தூக்கிப் போடவும் மனசு வரல.”

“உக்காரும்மா, விரிச்சுப் பாப்போம்” என்றேன்.

மடித்து அடுக்கியபடியே சேலைகள் நனைந்திருந்தன. விரித்தபோது செம்மண் கறை மடிப்புக்கு மடிப்பு ஒரே உயரத்தில், சம இடைவெளியில், வரிசையாக நின்றது. இரண்டு கறைக்கு நடுவே நல்ல துணி. எல்லாத் துண்டும் ஒரே அளவு. அளவுகோல் வைத்துக் குறித்தாலும் அவ்வளவு ஒழுங்கு வராது. அந்த அளவையே வைத்துப் போர்வைக்கு அடுக்கினேன். வெந்தயக் கலர், மாந்தளிர், கட்டம் போட்ட நீலம். கறையில்லாமல் தப்பிய முந்தானைகளை நடுவில் வைத்தேன். வாங்க வந்தவள் துண்டு துண்டாகத் தொட்டுக்கொண்டே, “இது என் வளைகாப்புக்குக் கட்டினது, இது ரேஷன் கடைப் பொங்கல் சேலை” என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

இப்படித் தைத்தவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். வங்காளத்துப் பெண்கள் பழைய சேலையின் கரையிலிருந்தே நூல் உருவி ‘காந்தா’ என்ற அடுக்குப் போர்வை தைத்தார்கள். கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கத்துச் சித்தி சமூகப் பெண்கள் ‘கவந்தி’ என்ற ஒட்டுப் போர்வையை ஓரத்தில் ஆரம்பித்து நடுவை நோக்கித் தைத்துக்கொண்டு போவார்கள். நாலு மூலையிலும் பூ மாதிரித் துணி மடித்து வைக்காவிட்டால் போர்வை நிர்வாணமாக இருக்கிறது என்பார்கள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ‘கீஸ் பெண்ட்’ கிராமத்தில், மிசௌரி பெட்வே என்ற கறுப்பினப் பெண் 1942-இல், காலமான கணவரின் வேலை உடுப்புகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார். அந்த ஊர்ப் போர்வைகள் 2002-இல் நியூயார்க்கின் விட்னி மியூசியத்தில் தொங்கின.

‘இயந்திரத்தில் போட்டு மறுபடி நூலாக்குகிறார்களே’ என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். உண்மைதான். 1813-இல் இங்கிலாந்தின் பேட்லி ஊரில் பெஞ்சமின் லா கம்பளிக் கந்தலை அரைத்து நூலாக்கிய நாளிலிருந்து நடக்கிற தொழில் அது. இன்று பானிப்பட் அதற்குப் பேர்போன ஊர். நம் திருப்பூர் கட்டிங் வேஸ்டும் மில்லுக்குப் போய் முரட்டு நூலாகத் திரும்புகிறது. ஆனால் பிய்க்கப் பிய்க்க இழை குட்டையாகிப் பலம் குறையும். நெய்த துணியைத் துணியாகவே வெட்டித் தைத்தால் இழை முழுசாக நிற்கிறது, நெய்தவர் உழைப்பும் வீணாகவில்லை. அதனால் முதலில் கத்தரி, அதற்கும் தேறாததுதான் மில்லுக்கு என்பது என் கட்சி.

கூலி பற்றியும் சொல்ல வேண்டும். “பழைய துணிதானே, எதுக்கு இவ்ளோ கேக்குற?” என்கிறார்கள். துணிக்கு நான் காசு வாங்குவதில்லை. துவைத்து, வெட்டி, கனம் பார்த்து, இழை பார்த்து, கையால் ஓட்டுகிற பெண்ணின் நேரத்துக்குத்தான் வாங்குகிறேன். புதுத்துணியை விட இதில் வேலை கூடுதல். தையல் கற்க என்னிடம் வந்து இந்த வேலையைச் செய்யும் பெண்களுக்குக் கூலியைக் குறைத்துக் கொடுக்க நான் ஒப்பமாட்டேன்.

தையல் தெரியாதவர்களும் இதில் சேரலாம். ஒதுக்கிய உடுப்புகளைத் துவைத்துக் காயவைத்து, பருத்தி தனி, பாலியஸ்டர் தனி, பனியன் துணி தனி என்று மூன்றாகப் பிரித்து உங்கள் ஊர்த் தையற்காரரிடம் கொடுங்கள். கிழிந்த இடத்தை நீங்கள் வெட்டிவிட வேண்டாம். எங்கே வெட்டினால் அதிகம் தேறும் என்று பார்ப்பது எங்கள் வேலை.