கழுத்து சொல்லும் சேதி

மூளையின் அடியில் தமனிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு வளையம் அமைக்கின்றன. 1664-இல் அதை விரிவாக எழுதிவைத்த ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸின் பெயர்தான் அதற்கு. வளையத்தில் தமனி கிளைபிரியும் கவட்டில் ரத்தம் நேராக வந்து மோதும். சிலருக்கு அங்கே சுவர் நைந்து பைபோலப் புடைத்துக்கொள்கிறது. அதுதான் அனியூரிசம். பெரியவர்களில் நூற்றுக்கு மூன்று பேரிடம் இது இருக்கலாம். பலருக்குக் கடைசிவரை தெரியாது. வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

ஸ்கேனில் பையின் பருமனைப் போலவே அதன் கழுத்தையும், அதாவது தமனியிலிருந்து பை பிரியும் வாயையும், மருத்துவர்கள் கவனமாக அளக்கிறார்கள். பை 8 மி.மீ. உயரம், கழுத்து 6 மி.மீ. அகலம் என்றால் ரத்தம் உள்ளே புகுந்து சுழன்று உடனே வெளியேறிவிடும். அதே உயரத்துக்குக் கழுத்து 2 மி.மீ. மட்டும் என்றால், ஆற்று மடுவில் நீர் தேங்குவதுபோல உச்சியில் ரத்தம் தயங்கி நிற்கும். ஓடும் ரத்தம் உறையவைக்கும் பொருள்களை நீர்க்கச் செய்து அடித்துக்கொண்டு போய்விடும். தேங்கிய ரத்தத்தில் அவை சேர்ந்துகொண்டே வரும். ஃபைப்ரின் என்ற புரத இழைகள் வலை பின்னும். சிவப்பணுக்கள் அதில் சிக்கும்.

அப்படியானால் உறைவது நல்லதுதானே? பை முழுதும் உறைந்து அடைபட்டால் நல்லதுதான், ஆனால் அது தானாக நடப்பது அரிது. 25 மி.மீ.க்கு மேற்பட்ட ராட்சதப் பைகளில் பெரும்பாலும் பாதிதான் உறையும். அதிலிருந்து ஒரு துணுக்கு கழன்று ஓடினால் பக்கவாதம். ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டியோ சுவரில் அழற்சியைத் தூண்டி அதை இன்னும் பலவீனமாக்கும். பாதி உறைவை நிம்மதியாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

ஆகவே உறைவை முழுமையாக்குவதே சிகிச்சை. 1990-இல் லாஸ் ஏஞ்சலிஸில் மருத்துவர் குய்டோ குக்லியெல்மி, தொடைத் தமனி வழியே நுண்குழாயைச் செலுத்தி, பைக்குள் பிளாட்டினம் சுருளை வைத்து, மெல்லிய மின்னோட்டத்தால் கழற்றிவிட்டார். நெருக்கமாக அடைத்தாலும் பையின் கொள்ளளவில் சுமார் கால் பங்குதான் உலோகம். மிச்சத்தை ரத்தக்கட்டு நிரப்புகிறது. ஆனால் கழுத்து அகலமானால் சுருள் தமனிக்குள் சரியும். அத்தகைய பைகள் சிலவற்றுக்குத் தமனியிலேயே நெருக்கமான வலைக்குழாயை விரிக்கிறார்கள். வலையால் வேகம் குறைந்து பைக்குள் ரத்தம் மாதக்கணக்கில் மெல்ல உறையும். வலைமேல் புதிய உட்சுவர் வளரும். அதுவரை வலைக்குழாய் அடைபடாதிருக்க, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளை நோயாளி தவறாமல் சாப்பிட வேண்டும்.