தராசில் தொடங்கும் சங்கிலி
(தொடர் – 6)

அலோர் ஸ்டாரில் மெர்கோங் தொழிற்பேட்டையை விட்டுத் தென்கிழக்கே போனால் சிக், பாலிங் வட்டாரங்களில் இன்றும் பால்மரக் காடு உண்டு. சிறுதோட்டக்காரர் மங்கிலிருந்து பிடுங்கிய கட்டிப்பால் முதலில் உள்ளூர் வியாபாரியிடம் போகிறது. அவர் பலரிடம் வாங்கிக் குவித்து லாரியில் ஏற்றுகிறார். ஆலையில் அது அரைபட்டு, அலசப்பட்டு, உலர்ந்து, 33.33 கிலோ கட்டிகளாக எஸ்.எம்.ஆர். (தரப்படுத்திய மலேசிய ரப்பர்) முத்திரையோடு வெளிவருகிறது. 1965இல் மலேசியா கொண்டுவந்த அந்த முத்திரை ரப்பரின் தரத்தைச் சொல்லும். எந்தத் தோட்டத்துப் பால் என்று சொல்லாது.

ஐரோப்பா இப்போது கேட்பது அதைத்தான். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த ரப்பருக்கும் செம்பனைக்கும் இடமில்லை என்கிறது அதன் 2023ஆம் ஆண்டுச் சட்டம். விளைந்த நிலம் எங்கே என்று வரைபடப் புள்ளியில் காட்ட வேண்டும். 4 ஹெக்டருக்கு மேலென்றால் எல்லையையே வரைந்து தர வேண்டும். அமலாக்கம் தள்ளிப்போனாலும் கேள்வி தள்ளிப்போகவில்லை.

இங்கேதான் பிளாக்செயின் வருகிறது. அன்றைய தோட்டத்தில் செக்ரோல் என்ற கணக்கேடு ஒன்றே ஒன்று. அது கிராணியின் கையில். அவர் எழுதியதுதான் எடை. பிளாக்செயினில் அதே கணக்கு வியாபாரி, ஆலை, ஏற்றுமதியாளர் எல்லாரிடமும் பிரதியாக இருக்கும். ஒவ்வொரு பதிவும் முந்தைய பதிவின் முத்திரையைச் சுமப்பதால், நடுவில் ஒன்றைத் திருத்தினால் அடுத்ததெல்லாம் பொருந்தாமல் போய்க் காட்டிக்கொடுத்துவிடும். செம்பனையில் இதை மலேசியச் செம்பனை எண்ணெய் மன்றம் 2020இல் புளூம்பிளாக் நிறுவனத்தோடு சேர்ந்து சோதித்தது. அமெரிக்காவில் வால்மார்ட், மாம்பழம் வந்த வழியைத் தேடச் சுமார் 7 நாள் ஆனதை 2.2 வினாடியாகக் குறைத்துக் காட்டியது.

ஆனால் மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் 2018இல் கப்பல் சரக்குக்காகத் தொடங்கிய டிரேட்லென்ஸ் 2023இல் மூடப்பட்டது. நுட்பம் தோற்கவில்லை, போட்டிக்காரர்கள் போதிய அளவில் கைகோக்கவில்லை.

ரப்பரில் சிக்கல் இன்னும் கீழே இருக்கிறது. பத்துப் பேரின் கட்டிப்பால் வியாபாரியின் கொட்டகையில் ஒரே குவியலாகிறது. ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பது என்பதும் அங்கேதான் முடிவாகிறது. வேறு நிலத்துப் பாலை உங்கள் பெயரில் எழுதினால், பிளாக்செயின் அந்தப் பொய்யையும் அழியாமல் காக்கும். எழுதியது மாறாது என்பதற்குத்தான் அது பொறுப்பு. எழுதியது உண்மையா என்பதற்கு அல்ல.

ஆகவே காவல் தராசில் தொடங்க வேண்டும். சிறுதோட்டக்காரர்கள் ஊக்கத்தொகை பெற மலேசிய ரப்பர் வாரியத்தின் 'பாட்-ஜி' அட்டை ஏற்கெனவே இருக்கிறது. அட்டையில் உள்ள நிலத்தின் அளவுக்கு இவ்வளவுதான் விளையும் என்று ஒப்பிட்டாலே பாதிக் கள்ளக் கணக்கு பிடிபடும். பால் விற்கும் வாசகர்களே, அட்டையை இரவல் கொடுக்காதீர்கள். எடையும் ஈரக் கழிவும் தனித்தனியே எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அந்த ரசீது சரியாக இருந்தால்தான் பிளாக்செயினும் சரியாக இருக்கும்.

(அடுத்த வாரம்: செம்பனைக் குலை ஆலைக்குப் போகும் வழி)