பாட்டி விரலில் ஒரு கோடு

தேர்தல் நாளன்று வாக்குச்சாவடியிலிருந்து வந்ததும் பாட்டி முதலில் செய்வது, இடது கை ஆள்காட்டி விரலை எங்கள் முன் நீட்டுவதுதான். நகத்தின் மேலிருந்து தோல் வரை இறங்கும் ஒரு மைக்கோடு. வைத்தபோது ஊதாவாக இருந்த மை, வெயிலில் வீட்டுக்கு நடந்து வருவதற்குள் கறுக்கத் தொடங்கியிருக்கும்.

சின்ன வயதில் நானும் என் தம்பியும் பாட்டியைத் திண்ணையில் உட்காரவைத்து அந்தக் கோட்டை அழித்துப் பார்த்தோம். சோப்பு போட்டோம், எலுமிச்சம்பழம் தேய்த்தோம், புளியைக் கரைத்தோம். கடைசியில் மண்ணெண்ணெய்! "விடுங்கடா, இந்த நாத்தம் மூணு நாளைக்குப் போகாது" என்று பாட்டி கையை இழுத்துக்கொண்டார். விரல் சிவந்ததுதான் மிச்சம். கோடு அப்படியே இருந்தது.

ஏன் அழியவில்லை? அந்த மையில் வெள்ளி இருக்கிறது. கொலுசு செய்யும் அதே வெள்ளிதான்; ஆனால் வெள்ளி நைட்ரேட் என்ற உப்பாகத் தண்ணீரில் கரைந்திருக்கும். நம் தோலில் வியர்வை உண்டு, வியர்வையில் சாப்பாட்டு உப்பு உண்டு. நாக்கில் பட்டால் கரிக்குமே, அதுதான். வெள்ளி நைட்ரேட்டும் அந்த உப்பும் சந்தித்ததும் வெள்ளி குளோரைடு உண்டாகிறது. அது தண்ணீரில் கரையாது. தோலோடு ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் வெளிச்சம் பட்டால் மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள் பிரிந்து வரும்.

"வெள்ளி என்றால் பளபளக்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாகிவிட்டால் வெள்ளி கறுப்பாகத்தான் தெரியும். தாத்தா பாட்டியின் கல்யாண ஆல்பத்தில் கறுப்பு வெள்ளைப் படங்கள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். தாத்தாவின் மீசைக் கறுப்பும் வெள்ளிப் பொடிதான்!

இந்த மையை உருவாக்கியது தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அதன் முதல் இயக்குநர் நம் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், சர் சி.வி. ராமனோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்தவர். ஆனால் அந்த ஆய்வகம் மையைப் பாட்டில் பாட்டிலாகக் காய்ச்சி விற்பதில்லை. செய்முறையைக் கண்டுபிடித்து, கர்நாடக அரசுக்குச் சொந்தமான மைசூர் பெயிண்ட்ஸ் அண்ட் வார்னிஷ் நிறுவனத்தின் கையில் கொடுத்துவிட்டது. 1962 பொதுத் தேர்தலிலிருந்து அங்கேதான் மை தயாராகிறது. வெளிநாட்டுத் தேர்தல்களுக்கும் அங்கிருந்து போகிறது. செய்முறை மட்டும் இன்றும் ரகசியம்.

கண்டுபிடிப்பது ஒருவர், தயாரிப்பது இன்னொருவர். இந்த ஏற்பாட்டுக்காகவே ஒரு பெரிய அமைப்பு இருக்கிறது. அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம் என்பது அதன் பெயர். இந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல எனக்கே சிரமம். எல்லாரையும் போல சி.எஸ்.ஐ.ஆர். என்றே வைத்துக்கொள்வோம். தில்லி ஆய்வகம் அதன் பிள்ளைகளில் ஒன்று.

சி.எஸ்.ஐ.ஆர். பிறந்தது 1942-இல், இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது. வெளிநாட்டுச் சரக்கு வருவது பெரும்பாடாகிவிட்டது. நமக்கு வேண்டியதை நாமே செய்துகொள்ள வேண்டிய நெருக்கடி. இப்படி ஓர் அமைப்பு வேண்டும் என்று அரசிடம் வாதாடியவர்களில் ஆர்க்காடு ராமசாமி முதலியார் முக்கியமானவர். அதை நடத்தும் பொறுப்பை ஏற்றவர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் என்ற வேதியியல் பேராசிரியர்.

பட்நாகரைப் பற்றி ஒரு கதை சொல்லியே ஆக வேண்டும். அவர் லாகூரில் இருந்தபோது ஓர் எண்ணெய்க் கம்பெனி பூமியைத் துளைத்துக்கொண்டிருந்தது. துளையிடும்போது உள்ளே சேற்றுக் குழம்பை ஊற்றுவார்கள். பூமிக்குள் இருந்த உப்புத் தண்ணீர் பட்டதும் அந்தக் குழம்பு கெட்டியாகி வேலை நின்றுபோனது. என்னென்னவோ செய்து பார்த்துவிட்டுப் பட்நாகரிடம் வந்தார்கள். அவர் அதில் கலக்கச் சொன்னது என்ன தெரியுமா? நம் நாட்டு மரப்பிசின்! குழம்பு இளகியது, வேலை மறுபடி தொடங்கியது. மகிழ்ந்துபோன கம்பெனி அவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுக்க முன்வந்தது. 1930களில் அது எவ்வளவு பெரிய பணம்! அவர் அதைத் தன் பையில் போட்டுக்கொள்ளவில்லை. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குத் திருப்பிவிட்டார்.

விரலிலும் உப்பு, எண்ணெய்க் கிணற்றிலும் உப்பு. இன்றைக்கு உப்பு நம்மை விடாது போலிருக்கிறது. இன்னோர் இடமும் பாக்கி இருக்கிறது.

காரைக்குடிக்குப் போனால் 'சிக்ரி' எங்கே என்று கேளுங்கள், கைகாட்டிவிடுவார்கள். சி.எஸ்.ஐ.ஆரின் இன்னொரு பிள்ளையான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அதுதான். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் அது காரைக்குடிக்கு வந்தது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கல் சமயத்தில் திறப்பு விழா.

சிக்ரிக்குத் தலையாய எதிரிகளில் ஒன்று துரு. இரும்பின்மேல் உப்பு ஈரம் படிந்தால் அந்த இடம் ஒரு குட்டி மின்கலம் போல ஆகிவிடுகிறது. மின்சாரம் ஓடும், இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பாம்பன் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சைக்கிள் செயினும் ஜன்னல் கம்பியும் தினமும் பாடம் நடத்துகின்றன. அதனால்தான் அந்தப் பக்கம் மண்டபம் என்ற ஊரில் சிக்ரி ஒரு சோதனை நிலையம் வைத்திருக்கிறது. பல உலோகத் தகடுகளையும் பூச்சு பூசிய தகடுகளையும் கடற்காற்றில் காயவைக்கிறார்கள், வடகம் காயவைப்பது போல. எடுத்து எடை போட்டால் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று தெரிந்துவிடும். பார்ப்பதற்குச் சுவாரசியமில்லாத வேலைதான். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் கடல்மேல் நிற்கும் பாலத்துக்கு எந்தப் பூச்சு தாங்கும் என்று சொல்ல வேறு குறுக்கு வழி கிடையாது.

சி.எஸ்.ஐ.ஆருக்கு இன்னும் பல பிள்ளைகள் உண்டு: சென்னை அடையாற்றில் தோல் தொழிலுக்கு ஒரு நிலையம், மைசூரில் உணவுக்கு ஒன்று, குஜராத்தின் பாவ்நகரில் உப்புக்கென்றே ஒன்று. எருமைப் பாலில் குழந்தைகளுக்கான பால்பவுடர் செய்யும் வழியைக் கண்டுபிடித்தது மைசூர் நிலையம். அந்த வழியில் தயாரித்து வீடு வீடாகக் கொண்டுபோனது அமுல்.

சரி, பாட்டியின் விரலுக்கு வருவோம். தோலில் இருந்த கறை சில வாரங்களில் மேல்தோலோடு உதிர்ந்துவிட்டது. நகத்தில் இருந்த கறை மட்டும் உட்கார்ந்திருந்தது. நகம் வளர வளர அதுவும் மேலே நகர்ந்தது. வெட்டி எறிந்த பிறகுதான் தீர்ந்தது.

அடுத்த தேர்தலில் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் விரலைக் கொஞ்ச நாளைக்குக் கடன் கேளுங்கள். நகத்தின் அடியில் மை படாத புது நகம் முளைத்துவரும். ஞாயிறுதோறும் அதை அளவுகோலால் அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வர வேண்டும். தாத்தாவின் நகம் வேகமா, அக்காவின் நகம் வேகமா என்று பார்த்து எங்களுக்கு எழுதுங்கள். மண்ணெண்ணெய் மட்டும் வேண்டாம்.