காலத்தைச் சுருளில் சேர்த்த தமிழர்

சினிமா என்றவுடன் நம் நினைவுக்கு வருவன யாவை? நட்சத்திரங்கள், பாட்டு, சண்டை, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஆகியவையே. நம் கோவை மாநகருக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவு நெடுநாளையது. கோவையில் பிறந்து, திருச்சியில் ரயில்வே பணியில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் அவர்கள், 1905-ஆம் ஆண்டில் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவி ஒன்றை விலைக்கு வாங்கினார். அதனுடன் வந்த படங்களுள் இயேசு பிரானின் வாழ்க்கைப் படமும் ஒன்று. ஊர் ஊராகச் சென்று கூடாரம் அடித்துப் படம் காட்டிய அவர், 1914-இல் நம் நகரில் வெரைட்டி ஹால் என்னும் திரையரங்கைக் கட்டினார். வெரைட்டி ஹால் சாலை அப்பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. பின்னர் சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜா ஸ்டூடியோவும் இங்கே எழுந்து புகழ் பெற்றன.

இவையெல்லாம் பலர் கூடி, பெரும் பொருள் செலவிட்டு, மக்களை மகிழ்விக்க எடுத்த படங்களின் கதை. ஆனால் சினிமாவில் வேறொரு வகையும் உண்டு. தனி ஒருவர் தம் உள்ளத்தின் உந்துதலால், லாபத்தைப் பெரிதாகக் கருதாமல், மறையப் போகும் ஒன்றை மறையாமல் காக்கவேண்டும் என்ற ஆசையால் எடுக்கும் படம் அது. அதனை நினைவுப் படம் என்று நாம் அழைக்கலாம்.

இத்தகைய படங்களுக்குப் பெயர் பெற்ற நாடு ஜப்பான். அங்கே பலர் எட்டு மில்லிமீட்டர் அகலமே உள்ள சிறு படச்சுருளைக் கொண்டு, தம் வீட்டையும் தெருவையும் உற்றாரையும் நாட்குறிப்பு எழுதுவது போலப் படமாக்கினர். அவர்களுள் ஒருவர் நவோமி கவாசே என்ற பெண்மணி. 1969-இல் நாரா என்ற ஊரில் பிறந்த அவரைப் பெற்றோர் வளர்க்கவில்லை. பாட்டி முறையான முதியவர் ஒருவரே வளர்த்தார். தாம் அறியாத தந்தையைத் தேடிச் சென்றதை 1992-இல் ஒரு படமாக்கினார். 1994-இல் தம்மை வளர்த்த பாட்டியையே படமாக எடுத்தார். ‘கதத்சுமோரி’ என்பது அதன் பெயர். அதில் ஒரு காட்சி உண்டு. பாட்டி தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறார். சன்னல் கண்ணாடியின் வழியாக அவரைப் பார்க்கும் பேத்தி, கண்ணாடியின்மேல் தெரியும் அவ்வுருவத்தைத் தன் விரலால் தடவுகிறாள். பின்பு வெளியே சென்று பாட்டியின் முகத்தையே தொடுகிறாள். சண்டையும் இல்லை, பாட்டும் இல்லை. ஆயினும் ‘இவர் என்னை விட்டுப் போய்விடக் கூடாதே’ என்ற ஏக்கம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது அன்றோ! இவ்வம்மையாரே 1997-இல் கான் திரைப்பட விழாவில், முதற்படம் எடுப்போருக்குரிய தங்கக் கேமரா விருதைப் பெற்றார்.

இதே ஜப்பானுக்கு, கவாசே பிறப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்பே, தமிழ் இளைஞர் ஒருவர் கேமராக் கலையைக் கற்கச் சென்றார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தாம் ஏ. கே. செட்டியார். 1911-இல் செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்தவர். ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்று நம் பெரியோர் போற்றியவர். டோக்கியோவில் புகைப்படக் கலையைப் பயின்று, பின் நியூயார்க் சென்றும் கற்றார். 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குக் கப்பலில் சென்றுகொண்டிருந்தபோது, அன்று காந்தியடிகளின் பிறந்த நாள் என்பது அவர் நினைவுக்கு வந்தது. காந்தியடிகளின் வாழ்க்கையை உண்மைப் படமாகத் தொகுத்தால் என்ன என்ற எண்ணம் அப்போதே பிறந்தது. அவருக்கு அப்போது வயது இருபத்தாறுகூட நிரம்பவில்லை. செல்வாக்கும் இல்லை; இந்தியாவை ஆண்டதோ ஆங்கில அரசு.

நடிகரை வைத்துக் காந்தியடிகளாக நடிக்கச் செய்ய அவர் விரும்பவில்லை. உண்மையான காந்தியடிகளே வேண்டும். ஆனால் கடந்துபோன நாட்களை எப்படிப் படம் பிடிப்பது? இங்கேதான் அவர் அறிவு வேலை செய்தது. 1930-இன் தண்டி யாத்திரையையும் 1931-இல் காந்தியடிகள் லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குச் சென்றதையும் செய்திப்படக்காரர்கள் அவ்வப்போது படம் பிடித்திருந்தனர். அச்சுருள்கள் உலகெங்கும் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடி அவர் இங்கிலாந்து, ஐரோப்பா, தென்னாப்பிரிக்கா எனப் பல நாடுகளுக்குச் சென்றார். ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பயணம் செய்து, முப்பது ஆண்டுக் காலத்தில் சுமார் நூறு கேமராக்காரர்கள் எடுத்திருந்த 50,000 அடிப் படச்சுருளைச் சேர்த்தார். தாமும் டாக்டர் பி. வி. பதி போன்றோரின் துணையுடன் புதிய காட்சிகளை எடுத்தார்.

இந்த அடிக்கணக்கைச் சற்று விளக்குவோம். திரையரங்குகளில் ஓடிய முப்பத்தைந்து மில்லிமீட்டர் சுருளில் ஓர் அடிக்குப் பதினாறு படங்கள் உண்டு. பேசும் படத்தில் வினாடிக்கு இருபத்து நான்கு படங்கள் ஓடும். ஆகவே ஒரு நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி தேவை. 50,000 அடி என்றால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும்! அதிலிருந்து பொறுக்கி எடுத்துச் சுமார் 12,000 அடியாக, ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரப் படமாக அவர் ஆக்கினார். அதாவது நான்கு பங்கில் ஒரு பங்கையே வைத்துக்கொண்டார்.

இன்னொரு தொல்லையும் இத்தகைய வேலையில் உண்டு. பேசாப்படக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றி, வினாடிக்குப் பதினாறு, பதினெட்டு படங்களே எடுத்தனர். அவற்றை இருபத்து நான்கு படங்கள் ஓடும் கருவியில் ஓட்டினால், மனிதர்கள் கோழிக்குஞ்சு போலக் குடுகுடுவென்று ஓடுவர். பழைய படங்களைப் பார்த்து நாம் சிரிப்பதற்குக் காரணம் இதுவே. அக்காலத்து மக்கள் அப்படி நடக்கவில்லை. இதனைச் சரிசெய்ய, இடையிடையே சில படங்களை இருமுறை அச்சிட்டு வேகத்தைக் குறைப்பர்.

தமிழில் பேசிய ‘மகாத்மா காந்தி’ 1940 ஆகஸ்டில் சென்னையில் வெளிவந்தது. கைராட்டை நூற்பின் பெருமையைக் கூறும் பாடலை டி. கே. பட்டம்மாள் அதில் பாடினார். தெலுங்கிலும் இந்தியிலும் படம் பேசியது. 1953-இல் அமெரிக்காவில் ஆங்கிலத்திலும் உருவாயிற்று.

பின்னர் நடந்ததுதான் நம் உள்ளத்தை வருத்துவது. இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த படத்தின் தமிழ்ப் பிரதி, பல ஆண்டுகள் தேடியும் அகப்படவில்லை. ஆராய்ச்சியாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி அவர்களின் விடாமுயற்சியால், ஆங்கிலப் பிரதி ஒன்று 2000-க்குப் பின் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. நம் தமிழர் ஒருவர் உலகமெல்லாம் தேடிச் சேர்த்ததை, நாம் மீண்டும் உலகமெல்லாம் தேடவேண்டியதாயிற்று!

ஏன் இப்படி ஆயிற்று? அக்காலச் சுருள்கள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் என்ற பொருளால் ஆனவை. வெப்பமும் ஈரமும் அவற்றை அரித்துவிடும். ஓடி முடிந்த படங்களை அவற்றிலுள்ள வெள்ளிக்காக உருக்கியவர்களும் உண்டு. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’கூட இன்று நம்மிடம் இல்லை. பழைய படங்களைக் காக்க இந்திய அரசு புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை நிறுவியது 1964-இல்தான். அதற்குள் அழிந்தவை எத்தனையோ!

செட்டியாரோ சோர்ந்துவிடவில்லை. 1943 முதல் 1983-இல் தாம் மறையும் வரை ‘குமரி மலர்’ என்ற இதழை நடத்தி, மறக்கப்பட்ட பழைய எழுத்துகளைத் தேடித் தேடி அதில் வெளியிட்டார். படம் எடுத்த கதையையும் அதில் எழுதினார். அது பின்னர் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்ற நூலாயிற்று. படம் கைவிட்டுப் போனபோதும், அது எவ்வாறு உருவானது என்பதை எழுத்து காத்துக் கொடுத்தது.

அன்புத் தோழியரே! இதிலிருந்து நாம் அறிவது என்ன? படம் எடுப்பது மட்டும் நினைவைக் காப்பது ஆகாது. தேடுவதும் தேர்ந்தெடுப்பதும் பேணுவதும் சேர்ந்தால்தான் நினைவு நிற்கும். இன்று நம் வீடுகளில் உள்ள கைப்பேசிகளில் ஆயிரக்கணக்கான படங்கள் கிடக்கின்றன. அவற்றில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எவரும் குறிப்பதில்லை. பெற்றோரின் திருமண வீடியோ கேசட்டுகளோ பரண்மேல் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன.

நம்மால் ஆவது ஒன்று உண்டு. இந்தக் கோடை விடுமுறையில் அம்மிச்சியையோ அப்பத்தாவையோ பத்தே நிமிடம் படம் பிடிப்போம். “ஏனுங்க அம்மிச்சி, அந்தக் காலத்துல கெணத்துல கவலை எப்படி ஓட்டுனாங்க? மில்லுச் சங்கு ஊதறதுக்கு முந்தி எந்திரிச்சு என்னென்ன வேலை செஞ்சீங்க?” என்று கேட்போம். கேட்டபின் குறுக்கே பேசாமல் இருப்போம். அவர் களைத்து மௌனமாக இருந்தால், அந்த மௌனத்தையும் வெட்டாமல் வைப்போம். முடிவில் பெயர், ஊர், நாள் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, படத்தின் பிரதியை இரண்டு இடங்களில் வைப்போம்.

செட்டியார் மகாத்மாவின் வாழ்வைக் காக்க ஒரு லட்சம் மைல் சென்றார். நாம் செல்லவேண்டிய தூரமோ நம் வீட்டுத் திண்ணை வரைதான். திண்ணையில் அமர்ந்திருப்பவர் என்றும் அங்கே இருக்கப் போவதில்லை. ஆதலின் இன்றே செல்வோமாக!

– பத்தாம் வகுப்பு மாணவி