உழைக்கும் தசையும் மூப்பும்

முதுமை வந்தால் தேகம் தளர்வது இயற்கையின் நியதி என்று சொல்லி அமைந்துவிடுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. ஆயினும், 50 வயதுக்குமேல் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கரைந்துவரும் தசையின் தளர்ச்சியில் காலத்தின் பங்கு எவ்வளவு, உழையாமையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால், பழியில் கணிசமான பாகம் நாற்காலியைச் சேர்கிறது.

நரம்பின் கட்டளை வந்து சேர்ந்த க்ஷணத்தில், தசையின் உயிரணுவுக்குள் அடக்கி வைக்கப்பட்டிருந்த கால்சியம் வெளிப்பட, மயோசின் இழைகள் ஆக்டின் இழைகளைப் பற்றி இழுக்கத் தொடங்குகின்றன. ஒவ்வோர் இழுப்புக்கும் ஏ.டி.பி. என்னும் சக்திப் பொருளில் ஒரு மூலக்கூறு செலவாகிறது. கையிருப்பு சில விநாடிகளுக்கே போதுமாதலால், முதலில் கிரியேட்டின் பாஸ்பேட்டும், பிறகு சர்க்கரையும், நீடித்த உழைப்பில் பிராணவாயுவைக் கொண்டு கொழுப்பையும் சர்க்கரையையும் எரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் அதை ஈடுசெய்கின்றன. வயது ஏற ஏற இந்த மைட்டோகாண்ட்ரியாக்களின் திறன் குன்றுவதோடு, பழுதுபட்டவை உரிய காலத்தில் அகற்றப்படாமல் தங்கியும் விடுகின்றன.

இங்கேதான் விந்தை இருக்கிறது. ஏ.டி.பி. விரைந்து செலவழியும்போது அதன் மிச்சமாகிய ஏ.எம்.பி. பெருக, அந்தப் பெருக்கத்தை உணர்ந்து ஏ.எம்.பி.கே. என்னும் நொதி விழித்துக்கொள்கிறது. கால்சியமும் இந்நொதியும் கொடுக்கும் தூண்டுதலால், இன்சுலினின் தயவை எதிர்பாராமலே குளுக்கோஸ் உள்ளே புகுகிறது, பழுதான மைட்டோகாண்ட்ரியாக்கள் அப்புறப்படுத்தப்படுகின்றன, பி.ஜி.சி.-1 ஆல்பா என்ற புரதத்தின் முயற்சியால் புதியவை தோன்றுகின்றன. இறைக்கிற கிணறு ஊறும் என்பார்களே, அது தசைக்கும் பொருந்துகிறது. ஓடுபொறியில் நாள்தோறும் ஓடவிடப்பட்ட எலிகளின் தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகள் ஏறக்குறைய இரட்டித்ததை, அமெரிக்காவில் ஜான் ஹாலசி என்பவர் 1967இல் நிரூபித்தார்.

மூப்படைந்த தசையும் உழைப்பின் இந்தத் தூண்டுதலுக்குச் செவிசாய்க்குமா? 2017இல் வெளியான மேயோ மருத்துவ நிலையத்தின் ஆராய்ச்சியில், நான்கு நிமிஷம் வேகமாகவும் இடையிடையே மெதுவாகவும் சைக்கிள் மிதித்தவர்களிடம், 12 வாரங்களில் மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசத் திறன் இளைஞருக்கு 49 சதவிகிதமும், 65 வயது கடந்தோருக்கு 69 சதவிகிதமும் உயர்ந்தது. பளுவை எதிர்த்து இயங்கும் பயிற்சியின் பலனோ வேறு வகையானது: பாஸ்டன் நகரில் 90 வயதை ஒட்டிய முதியோர் சிலர் எட்டு வாரங்கள் கால்களால் பளு உயர்த்தியபின், அவர்களுடைய தசை வலிமை சராசரியாக இரண்டரை மடங்குக்கும் மேலாயிற்று என்று 1990இல் அறிவிக்கப்பட்டது.

காலத்தோடு அழிந்த இயக்க நரம்பணுக்களை எந்தப் பயிற்சியும் மீட்டுத்தராது. இருதய நோயோ மூட்டு வலியோ உள்ளவர்கள் வைத்தியரைக் கலந்தே தொடங்க வேண்டும் என்பதும் மெய்யே. ஆனால் வயோதிகர் கையிலிருந்து தண்ணீர்க் குடத்தைப் பரிவோடு வாங்கிக்கொண்டு, "நீங்கள் பேசாமல் உட்காருங்கள்" என்று உபசரிக்கும் நம் வீட்டு வழக்கம், அவருடைய தசைக்கு இன்னமும் கேட்கக்கூடிய ஒரே கட்டளையை நிறுத்திவிடுகிறது. தாமே எழவும், நடக்கவும், தம்மால் இயன்ற சுமையைத் தூக்கவும் அவருக்கு இடங்கொடுப்பதே மெய்யான உபசாரம்.