ப்ளஸ் 2-வில் மார்க் கம்மி, காலேஜில் அரியர்... ஜப்பான் மொழிப் பள்ளியில் சேர முடியுமா?

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையைச் சேர்ந்த மாணவர் ஒருவர், ப்ளஸ் 2-வில் ஜஸ்ட் பாஸ், காலேஜில் நாலு அரியர் என்று வைத்துக்கொள்வோம். ஜப்பானிய மொழிப் பள்ளிக்கு அவர் விண்ணப்பிக்கலாமா? தாராளமாக விண்ணப்பிக்கலாம். ஆனால், சில விஷயங்களைச் சரிசெய்தாக வேண்டும்.

அடிப்படைத் தகுதி என்ன?

பொதுவாக 12 ஆண்டு பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும். 'மார்க் கம்மி' வேறு, 'ஃபெயில்' வேறு. ப்ளஸ் 2-வில் ஃபெயில் என்றால் முதலில் துணைத்தேர்வு எழுதி பாஸ் ஆக வேண்டும்.

மார்க் எங்கே இடிக்கும்?

மாணவர் சார்பில் பள்ளிதான் ஜப்பான் குடிவரவுத் துறையிடம் 'தகுதிச் சான்றிதழ்' கேட்டு விண்ணப்பிக்கும். அது கிடைத்த பிறகுதான் விசா. அனுமதி பெற்ற மாணவர்கள் அங்கே வாரம் 28 மணி நேரம் வரை பகுதிநேர வேலை பார்க்கலாம். அதனால், 'இவர் படிக்க வருகிறாரா, சம்பாதிக்க வருகிறாரா?' என்ற சந்தேகம் அதிகாரிகளுக்கு வரும். மார்க் குறைவாக இருந்தால் அந்தச் சந்தேகம் கூடும்.

எதை வைத்து ஈடுகட்டுவது?

ஜே.எல்.பி.டி. தேர்வின் தொடக்க நிலையான என்5 பாஸ் செய்வது வலுவான சான்று. மொத்தம் 180-க்கு 80 வேண்டும். அதில் மொழியறிவு, வாசிப்புப் பகுதியில் 120-க்கு 38, கேட்டல் பகுதியில் 60-க்கு 19 எடுத்தே ஆக வேண்டும். என்5 இல்லாதவர்களிடம் 150 மணி நேரம் ஜப்பானிய மொழி படித்ததற்கான சான்றிதழைப் பல பள்ளிகள் கேட்கின்றன.

எப்போது எழுதணும்?

தேர்வு ஜூலை, டிசம்பரில் நடக்கும். சென்னையில் மையம் உண்டு. ஏப்ரல் அட்மிஷனுக்கான விண்ணப்பம் பெரும்பாலும் முந்தைய நவம்பருக்குள் முடிந்துவிடும். எனவே ஏப்ரலில் சேர நினைப்பவர்கள் ஜூலையிலேயே எழுதிவிடுவது நல்லது. டிசம்பரில் எழுதினால் ரிசல்ட் ஜனவரியில்தான் வரும். அவர்கள் ஜூலை அல்லது அக்டோபர் அட்மிஷனைப் பார்க்கலாம்.

செய்யவே கூடாதது!

அரியரையோ, படிப்பை விட்ட வருடங்களையோ மறைக்கக் கூடாது. என்ன நடந்தது, இப்போது ஏன் ஜப்பானிய மொழி, முடித்த பிறகு என்ன திட்டம் என்பதை மாணவரே சொந்தமாக எழுத வேண்டும். செலவை ஏற்பவரின் கணக்கில் திடீரென்று பெரிய தொகை ஏறினாலும் கேள்வி வரும்.

'மார்க் பத்தி கவலைப்படாதீங்க, சர்டிஃபிகேட் நாங்க ரெடி பண்றோம்' என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் உஷார்! குறைந்த மார்க்குக்கு விளக்கம் சொல்லலாம். போலிச் சான்றிதழ் சிக்கினால் அடுத்த முறை விண்ணப்பிப்பதும் சிக்கலாகிவிடும்.